கூலிப்படையினருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? கட்டாங்கா முதல் சீஷெல்ஸ் வரை

கேட்கப்பட்ட கேள்வி இது: 1960களிலும் 1970களிலும் ஆப்பிரிக்காவில் போரிட்ட வெள்ளைக்காரக் கூலிப்படையினர் பணத்துக்கும் சாகசத்துக்கும் ஆசைப்பட்டுத் தாமாகவே கிளம்பிப் போனவர்களா, அவர்களுக்குப் பின்னால் அரசுகள் இருந்தனவா? சில நூறு பேரால் ஒரு நாட்டின் போக்கையே மாற்ற முடிந்தது என்பது உண்மையா?

போனவர்களில் சாகச ஆசை கொண்டவர்கள் இருந்தார்கள், கடன்பட்டு ஊரைவிட்டு ஓடியவர்கள் இருந்தார்கள், கறுப்பினத்தவர் நாடாள்வதைப் பொறுக்க முடியாதவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஏன் கிளம்பினார் என்று துருவிக்கொண்டே போனால் விஷயம் கைநழுவிவிடும். சம்பளம் எங்கிருந்து வந்தது, விமானத்தைக் கொடுத்தது யார், தோற்றபோது வந்து மீட்டுப் போனது யார் என்ற மூன்றையும் கேட்டால், தனி மனிதர்களின் கதைபோலத் தோன்றும் இந்த வரலாறு ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஏதோ ஒரு தலைநகரின் வாசலில் போய் நிற்கிறது. நம் செய்தித்தாள்களில் கூலிப்படை என்றால் பைக்கில் வந்து அரிவாளால் வெட்டிவிட்டுத் தப்பும் கும்பல் என்றுதான் பொருள். அந்தப் பொருளிலுள்ள ஒரு கூறு இங்கும் அப்படியே பொருந்தும்: வெட்டியவன் பிடிபட்டாலும் ஏவியவன் பெயர் வெளியே வரக்கூடாது என்பதற்காகவே ஆள் அமர்த்தப்படுகிறது.

காங்கோவிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வார்ப்பு அங்கேதான் செய்யப்பட்டது. 1960 ஜூன் 30 அன்று அந்நாடு பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றபோது அதன் படையில் ஏறத்தாழ 25,000 சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களை நடத்திய ஆயிரம் அதிகாரிகளும் பெல்ஜியர்கள். அதிகாரி நிலையில் காங்கோக்காரர் ஒருவர்கூட இல்லை. விடுதலை பெற்ற ஐந்தாம் நாள் படைத் தலைவர் ஜெனரல் ஜான்சன்ஸ் கரும்பலகையில் 'விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின்' என்று எழுதிக் காட்டினார். நாடு மாறினாலும் உங்கள் நிலை மாறாது என்பது அதன் பொருள். அன்றே சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். குழப்பத்தைக் காரணம் காட்டிப் பெல்ஜியப் படை திரும்ப நுழைந்தது. ஜூலை 11 அன்று தென்கிழக்கிலிருந்த கட்டாங்கா மாகாணம், மோயிஸ் ஷோம்பே தலைமையில், தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது.

கட்டாங்கா காங்கோவின் கருவூலம். அதன் செம்பும் கோபால்ட்டும் யூனியன் மினியேர் என்ற பெல்ஜியச் சுரங்க நிறுவனத்தின் கையில் இருந்தன. உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான் வந்தது. ஹிரோஷிமாவில் போடப்பட்ட அணுகுண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதியும் அங்குள்ள ஷிங்கோலோப்வே சுரங்கத்தில் வெட்டியதுதான். விடுதலைக்குப் பிறகு நடுவண் அரசுக்குச் சேர வேண்டிய வரியை அந்த நிறுவனம் ஷோம்பேயின் கருவூலத்தில் கட்டியது. எந்த நாடும் கட்டாங்காவை அங்கீகரிக்கவில்லை, ஆனாலும் அதற்குப் பணம் இருந்தது, பணம் இருந்ததால் ஒரு படையும் இருந்தது. முதல் கேள்வியான சம்பளத்துக்கு இங்கேயே தெளிவான விடை கிடைத்துவிடுகிறது.

அந்தப் படையை நடத்த முதலில் வந்தவர்கள் பெல்ஜிய ராணுவ அதிகாரிகள். 'தொழில்நுட்ப உதவியாளர்கள்' என்ற பெயரில் அவர்கள் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து ஜோகன்னஸ்பர்க், புலவாயோ, பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் ஆகிய நகரங்களில் ஆள் எடுத்தார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரான்ஸ் நடத்திய போர்களில் பழகிய ரொஜே ஃபோல்க் போன்றவர்கள் வந்தார்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றிய பாப் தெனார் வந்தார். காங்கோவிலேயே தோட்டம் வைத்திருந்த ழான் ஷ்ராம் என்ற பெல்ஜியர் தம் தோட்டத்தைக் காக்கிறேன் என்று துப்பாக்கி எடுத்தார். தாடியும் அழுக்குமாகத் திரிந்த இந்த ஆள்களுக்கு 'பயங்கரர்கள்' என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டால் விளையாட்டுப் பிள்ளைகளின் குறும்புபோல இருக்கும். பிரிவினையை ஏற்காத வடக்குக் கட்டாங்காவின் பலூபா மக்களுடைய ஊர்களில் அவர்கள் செய்தது ஊர் கொளுத்தலும் கொலையும். 1961இல் எலிசபெத்வில் நகரில், இன்றைய லுபும்பாஷியில், ஐ.நா. அமைத்த முகாமில் பல பத்தாயிரம் பலூபாக்கள் தஞ்சம் புகுந்து கிடந்தார்கள்.

காங்கோவின் முதல் பிரதமர் பாத்ரிஸ் லுமும்பா கொல்லப்பட்டதும் கட்டாங்காவில்தான். 1961 ஜனவரி 17 இரவு, எலிசபெத்விலுக்கு வெளியே ஒரு காட்டுவெளியில், தோழர்கள் இருவரோடு மரத்தருகே நிறுத்தி அவரைச் சுட்டார்கள். கட்டாங்கா அமைச்சர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுட்ட அணிக்குக் கட்டளையிட்டவர் ஒரு பெல்ஜிய அதிகாரி. பின்னர் இன்னொரு பெல்ஜியப் போலீஸ் அதிகாரி உடல்களைத் தோண்டியெடுத்து, துண்டாக்கி, அமிலத்தில் கரைத்தார். மிஞ்சிய ஒரு பல்லைப் பெல்ஜியம் 2022 ஜூனில்தான் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்தது. இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தின் மிகக் கொடிய குற்றத்தில் பங்குகொண்ட அந்த வெளிநாட்டவர்கள் சட்டத்தின் பார்வையில் கூலிப்படையினரே அல்லர். அவர்கள் முறைப்படி அனுப்பப்பட்ட அலுவலர்கள். சீருடை அணிந்த அரசு அலுவலரும் ஒப்பந்தத்துக்கு வந்த ஆளும் ஒரே முகாமில், ஒரே நிறுவனத்தின் பணத்தில், ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1961 பிப்ரவரியில் வெளிநாட்டு ராணுவத்தினரும் கூலிப்படையினரும் வெளியேற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆகஸ்ட் 28 அன்று ஐ.நா. படை திடீர் நடவடிக்கையில் பலரைப் பிடித்தது. ஆனால் மீதமுள்ளவர்களைத் தாமே அனுப்பிவிடுவதாகத் தூதரகங்கள் சொன்னதை நம்பி நடவடிக்கையை நிறுத்தியது. போக வேண்டியவர்களில் ஒரு பகுதியினர் போகவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சண்டை மூண்டபோது கட்டாங்காவிடமிருந்த ஒரே ஒரு ஃபூகா ஜெட் விமானம், வெள்ளைக்கார விமானியின் கையில், ஐ.நா. படையின் முகாம்களையும் விமானங்களையும் விருப்பம்போலத் தாக்கியது, ஐ.நா.விடம் அதை எதிர்க்கப் போர் விமானமே இல்லை. ஜாடோவில் நகரில் சூழப்பட்ட, ஐ.நா. படையைச் சேர்ந்த அயர்லாந்துக் கம்பெனி ஒன்று ஐந்து நாள் போரிட்டுக் குண்டும் தண்ணீரும் தீர்ந்தபின் சரணடைந்தது. ஷோம்பேயுடன் போர்நிறுத்தம் பேசப் புறப்பட்ட ஐ.நா. பொதுச் செயலாளர் ஹாமர்ஷோல்டின் விமானம் செப்டம்பர் 18 அதிகாலையில் வடக்கு ரொடீசியாவில், இன்றைய சாம்பியாவில், ந்டோலா அருகே விழுந்து அவர் இறந்தார். அந்தச் சாவு குறித்த விசாரணையை ஐ.நா. 2015இல் மீண்டும் கையிலெடுத்தது.

இந்திய வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நாள் 1961 டிசம்பர் 5. ஐ.நா.வுக்காகச் சென்ற இந்தியப் படைப்பிரிவு எலிசபெத்வில் விமான நிலையச் சாலையைத் திறக்க வேண்டியிருந்தது. நகருக்கும் நிலையத்துக்கும் இடையில் ஒரு ரவுண்டானாவை மறித்துக் கட்டாங்காப் படை நின்றது: ஏறத்தாழ 90 பேர், இரண்டு கவச வண்டிகள். முதல் கூர்க்கா ரைஃபிள்ஸின் மூன்றாம் பட்டாலியனைச் சேர்ந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா 16 பேரோடு பக்கவாட்டில் வந்தார். ராக்கெட் செலுத்தியால் கவச வண்டிகளை முடக்கிவிட்டு, எண்ணிக்கை வேறுபாட்டைப் பார்க்காமல், துப்பாக்கி முனைக் கத்தியும் குக்ரியும் கையெறி குண்டுமாகப் பாய்ந்தார்கள். நாற்பது பேரை வீழ்த்தியதும் எஞ்சியவர்கள் ஓடினார்கள். கழுத்தில் குண்டு பாய்ந்தும் சலாரியா நிற்கவில்லை. குருதி வெளியேறி அங்கேயே இறந்தார். வயது 26. அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது, ஐ.நா. பணியில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அதே நாள்களில் இந்திய விமானப்படையின் கான்பெரா விமானங்கள் கோல்வேசி விமானத்தளத்தைத் தாக்கின. வானத்தை இழந்தபின் கட்டாங்காவால் நெடுநாள் நிற்க முடியவில்லை. 1963 ஜனவரியில், பிரிகேடியர் நொரோன்ஹாவின் படை ஜாடோவிலைக் கைப்பற்றிய சில நாள்களில், பிரிவினை முடிந்தது. கூலிப்படையினரும் அவர்களை நம்பிய கட்டாங்காச் சிப்பாய்களும் எல்லை கடந்து போர்த்துக்கீசிய அங்கோலாவுக்குள் போனார்கள். போர்த்துகல் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு இது பாதி விடை. பயிற்சி பெற்ற படையும் விமானமும் எதிரே நின்றபோது அவர்களால் நிலைக்க முடியவில்லை. மீதிப் பாதி 1964இல் கிடைக்கிறது. லுமும்பாவின் பெயரைச் சொல்லிக் கிழக்குக் காங்கோவில் எழுந்த சிம்பா கிளர்ச்சியாளர்கள் ஆகஸ்டில் ஸ்டான்லிவில் நகரை, இன்றைய கிசங்கானியை, பிடித்தார்கள். அதே ஷோம்பே இப்போது காங்கோ முழுவதற்கும் பிரதமராகியிருந்தார், பழைய ஆள்களையே கூப்பிட்டார். தென்னாப்பிரிக்காவிலும் ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) ஆள் சேர்த்து ஐந்தாம் கமாண்டோ என்ற அணியை அமைத்தவர் மைக் ஹோர். அவர் ஐரிஷ் பெற்றோருக்கு 1919இல் கல்கத்தாவில் பிறந்தவர், இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் இருந்தவர், பிறகு கணக்காளராக வேலை பார்த்தவர். பிரெஞ்சு மொழி பேசுவோரைக் கொண்ட ஆறாம் கமாண்டோ பின்னர் தெனாரின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு. மாதச் சம்பளம், அதற்கு மேல் அபாயப்படி.

எந்த நேரத்திலும் களத்தில் இருந்தவர்கள் சில நூறு பேர்தான். ஆனாலும் வாரக்கணக்கில் நூற்றுக்கணக்கான மைல்களைப் பிடித்துக்கொண்டே போனார்கள். இதைத் தனிமனித வீரமாகச் சொல்லும் நினைவுக் குறிப்புகள் ஏராளம். அந்த அணிவகுப்பை ஒட்டுமொத்தமாக நடத்தியவர் வான்டேவால் என்ற பெல்ஜியக் கர்னல். போக்குவரத்து, வயர்லெஸ், மருத்துவம், உணவு எல்லாம் பெல்ஜிய அதிகாரிகளின் பொறுப்பு. தலைக்கு மேலே பறந்த டி-28, பி-26 விமானங்கள் அமெரிக்காவுடையவை. ஓட்டியவர்கள் சிஐஏ அமர்த்திய, கியூபாவிலிருந்து ஓடிவந்த விமானிகள். பழுதுபார்த்தது லீக்டன்ஸ்டைனில் பதிவு செய்யப்பட்ட ஒரு பொய்முக நிறுவனம். சிம்பாக்களில் பலர் பதின்ம வயதுச் சிறுவர்கள். மந்திர நீர் தெளித்தால் தோட்டா தண்ணீராகிவிடும் என்று நம்பி ஈட்டியோடும் பழைய துப்பாக்கியோடும் சாலையில் எழுந்து நின்று வந்தார்கள். விமானத்திலிருந்தும் ஜீப்பில் பொருத்திய இயந்திரத் துப்பாக்கியிலிருந்தும் அவர்களைச் சுட்டு வீழ்த்தியதை வீரம் என்று எழுத என் கை வரவில்லை.

சிம்பாக்களும் கொடியவர்களாகத்தான் நடந்துகொண்டார்கள். பிடித்த நகரங்களில் படித்தவர்கள், அரசு அலுவலர்கள் என்று ஆயிரக்கணக்கான காங்கோக்காரர்களைக் கொன்றார்கள். ஸ்டான்லிவிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவரைப் பிணைக்கைதிகளாக வைத்தார்கள். 1964 நவம்பர் 24 அன்று அமெரிக்க சி-130 விமானங்களிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட பெல்ஜியப் பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். அந்த விமானங்கள் வழியில் தங்கியது பிரிட்டனுக்குச் சொந்தமான அசென்ஷன் தீவில். அதே நாளில் கூலிப்படை அணிவகுப்பு தரைவழியே நகருக்குள் நுழைந்தது. பிணைக்கைதிகளில் பெரும்பாலோர் மீட்கப்பட்டார்கள், சில பத்துப் பேர் இறந்தார்கள். உலகச் செய்தித்தாள்கள் அவர்களுடைய பெயர்களை அச்சிட்டன. அடுத்தடுத்த நாள்களில் நகரின் ஆப்பிரிக்கக் குடியிருப்புகளில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் எங்கும் வரவில்லை. வங்கிப் பெட்டகங்களை வெடிவைத்துத் திறந்து சூறையாடியதைக் கூலிப்படையினரே பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

1965 ஏப்ரலில் தங்கானிக்கா ஏரியைக் கடந்து கிளர்ச்சியாளர் பக்கம் போரிட வந்த சே குவேராவையும் ஏறத்தாழ 120 கியூபர்களையும் இங்கே சிலர் எதிர்வாதமாக வைப்பதுண்டு: அவர்களும் வெளியாள்கள்தானே? ஆம், வெளியாள்கள்தான், ஒரு அரசால் அனுப்பப்பட்டவர்களும்தான். ஆனால் அவர்கள் அதிகப்படிச் சம்பளத்துக்கு வரவில்லை, கொள்ளையடிக்கவும் இல்லை. நவம்பரில் எதையும் சாதிக்க முடியாமல் ஏரியைத் திரும்பக் கடந்தார்கள். அதே மாதம் 24 அன்று காங்கோவின் படைத் தலைவர் மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றினார், 32 ஆண்டுகள் இறங்கவில்லை. சில நூறு பேரால் நாட்டின் போக்கை மாற்ற முடிந்ததா என்றால், மாறியது. மாற்றியது அவர்கள் மட்டுமல்லர், அவர்களுக்கு விமானம் கொடுத்தவர்களும்தான்.

விமானமும் சம்பளமும் நின்றபோது என்ன நடந்தது என்பதற்கு 1967 சான்று. மொபுட்டு தம்மைக் கலைத்துவிடுவார் என்று அஞ்சிய ஷ்ராமும் தெனாரும் அந்த ஜூலையில் கலகம் செய்தார்கள். ஷோம்பேயைத் திரும்பக் கொண்டுவருவது எண்ணம். ஆனால் அவர் பயணம் செய்த விமானம் சில நாள்களுக்கு முன்பே கடத்தப்பட்டு அவர் அல்ஜீரியச் சிறையில் இருந்தார், அங்கேயே 1969இல் இறந்தார். தெனார் தலையில் குண்டு பட்டு ரொடீசியாவுக்குப் பறந்தார். ஷ்ராம் சுமார் 150 வெள்ளையரையும் அவர்களைப்போல் பல மடங்கு கட்டாங்காச் சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு கிவு ஏரிக்கரையிலுள்ள புகாவு நகரை ஆகஸ்ட் முதல் நவம்பர் தொடக்கம்வரை பிடித்து வைத்திருந்தார். அவருக்குத் துணையாகக் காயம் ஆறிய தெனார் நவம்பர் முதல் நாள் அங்கோலாவிலிருந்து ஒரு படையெடுப்பு நடத்தினார்: வண்டிகள் கிடைக்கவில்லை, ஆகவே ஆள்களில் பலர் சைக்கிள் மிதித்து எல்லை தாண்டினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் விமானப் பாதுகாப்போடு ஜீப்பில் போன அதே மனிதர்கள்! சில நாள்களில் திரும்பி ஓடினார்கள்.

புகாவு விழுந்ததும் எல்லாரும் பாலத்தைக் கடந்து ருவாண்டாவுக்குள் போனார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் பகுதி இதுதான். வெள்ளைக்காரர்கள் ருவாண்டாவில் சில மாதம் காவலில் இருந்தார்கள். இனி ஆப்பிரிக்காவுக்கு வரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1968 ஏப்ரலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் விமானத்தில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களோடு அதே அகழிகளில் இருந்த கட்டாங்காச் சிப்பாய்களுக்கு விமானம் வரவில்லை. பொதுமன்னிப்பு என்ற வாக்குறுதியை நம்பி அவர்கள் காங்கோவுக்குத் திரும்பினார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். மீட்டுப் போனது யார் என்ற கேள்வியோடு யாரை மீட்கவில்லை என்றும் கேட்க வேண்டும்.

பியாஃப்ராவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நைஜீரியாவின் கிழக்குப் பகுதி அந்தப் பெயரில் தனி நாடாகப் பிரிய 1967 முதல் 1970 வரை நடந்த போரில் ஃபோல்க்கின் பிரெஞ்சு அணி வந்து, இழப்பு கூடியதும் சீக்கிரமே கிளம்பிவிட்டது. பிரான்சின் அயல்நாட்டவர் படையில் பணியாற்றிய ஜெர்மானியர் ரோல்ஃப் ஸ்டைனர் தங்கினார், ஓராண்டு கழித்து பியாஃப்ராவே அவரை வெளியேற்றியது. ஸ்வீடன் நாட்டுப் பிரபு கார்ல் குஸ்டாஃப் ஃபோன் ரோசன் மட்டும் வேறு வகை மனிதர்: 1935இல் இத்தாலி படையெடுத்தபோது எத்தியோப்பியாவுக்காக மருத்துவ விமானம் ஓட்டியவர், பியாஃப்ராவுக்கு முதலில் உணவு கொண்டுபோனவர். பட்டினியைப் பார்த்த பிறகு 1969 மே மாதத்தில் ஐந்து சிறு பயிற்சி விமானங்களில் ராக்கெட் பொருத்தி நைஜீரிய விமானத்தளங்களைத் தாக்கினார். அவரைக் கூலியாள் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் போரை வெல்ல உதவினார் என்றும் சொல்ல முடியாது. பியாஃப்ரா அடுத்த ஜனவரியில் வீழ்ந்தது.

அங்கோலாவில் 1976இல் இந்தத் தொழிலின் அடிமட்டம் தெரிந்தது. போர்த்துகல் வெளியேறியதும் எம்பிஎல்ஏ, எஃப்என்எல்ஏ, யுனிடா ஆகிய மூன்று இயக்கங்களுக்கிடையே போர். சிஐஏ பணம் பெற்ற எஃப்என்எல்ஏ தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், பிரிட்டனில் வாரம் 150 பவுண்ட் என்று சொல்லி அவசரமாக ஆள் எடுத்தார்கள். வந்தவர்களில் முன்னாள் பாராசூட் வீரர்களும் இருந்தார்கள், போர்க்களத்தையே பார்த்திராத வேலையற்ற இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவனாக 'கர்னல் காலன்' என்று பெயர் சூட்டிக்கொண்ட கோஸ்டாஸ் ஜார்ஜியூ, சைப்ரஸில் பிறந்து பிரிட்டிஷ் படையிலிருந்து விலக்கப்பட்டவன். பிப்ரவரி முதல் நாள் மாக்கேலாவில், எதிரி என்று நினைத்துச் சொந்தப் பக்கத்து வண்டியையே சுட்டுவிட்டு ஓடிய தன் ஆள்கள் பதினான்கு பேரைக் கொல்லச் செய்தான். அவர்கள் நாட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கியூபப் படைகளின் துணையுடன் எம்பிஎல்ஏ சில வாரங்களில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. ஜூனில் லுவாண்டாவில் 13 பேர்மீது விசாரணை நடந்தது. ஜூலை 10 அன்று ஜார்ஜியூ உட்பட நால்வர் சுடப்பட்டார்கள். நால்வரில் ஒருவரான அமெரிக்கர் டேனியல் கியர்ஹார்ட் அங்கே இருந்தது சில நாள்கள்தான். நான்கு குழந்தைகளின் தகப்பன், கடனில் இருந்தவர், பத்திரிகையில் தாமே விளம்பரம் கொடுத்து வேலை தேடியவர். பணம் கொடுத்தவர்கள் எவரும் அந்தக் கூண்டில் நிற்கவில்லை. மற்ற ஒன்பது பேருக்கு 16 முதல் 30 ஆண்டுவரை சிறை.

பாப் தெனாரின் வாழ்க்கை இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 1977 ஜனவரியில் பெனின் நாட்டின் கோட்டோனூ விமான நிலையத்தில் ஆள்களோடு இறங்கி ஆட்சியைப் பிடிக்க முயன்று, சில மணி நேரத்தில் ஓடினார். ஓடும்போது ஆள்களின் பெயரும் திட்டமும் அடங்கிய காகிதப் பெட்டியை ஓடுபாதையிலேயே விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு மே 13 அன்று மீன்பிடிக் கப்பல் ஒன்றில் சுமார் 50 பேரோடு கொமோரோ தீவுகளில் இரவில் இறங்கி, 1975இல் தாமே பதவியேற உதவிய அலி சொய்லியைக் கவிழ்த்து, அப்போது கவிழ்க்கப்பட்ட அகமது அப்துல்லாவைத் திரும்ப அமர்த்தினார். சொய்லி அம்மாத இறுதியில் கொல்லப்பட்டார். அதன் பிறகு பதினோரு ஆண்டுகள் அந்நாட்டின் அதிபர் காவல்படை தெனாரின் கையில் இருந்தது. அவர் முஸ்லிமாகி, உள்ளூரில் மணம் செய்துகொண்டு, நிலம் வாங்கி வாழ்ந்தார். காவல்படையின் செலவைத் தென்னாப்பிரிக்கா ஏற்றது, ஏனென்றால் பொருளாதாரத் தடையிலிருந்த அந்நாட்டுக்கு அந்தத் தீவு வசதியான வாசலாக இருந்தது. 1989இல் அப்துல்லா தம் மாளிகையிலேயே, தெனார் அறையில் இருக்கும்போது, சுடப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாரிஸ் நீதிமன்றம் 1999இல் தெனாரை விடுவித்தது. 1995இல் மீண்டும் கொமோரோவில் ஆட்சியைக் கைப்பற்றியதற்காக 2006இல் விதித்த ஐந்தாண்டுத் தண்டனையை நிறுத்திவைத்தது.

இத்தனைக்கும் பிறகு சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறையில் 47ஆம் பிரிவு கூலிப்படையினருக்குப் போர்க்கைதி உரிமை இல்லை என்றது. அதை முன்மொழிந்தது பியாஃப்ராப் போரைக் கண்ட நைஜீரியா. ஆனால் ஒருவரைக் கூலிப்படையாள் என்று நிறுவ ஆறு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும். உள்ளூர்ப் படைவீரரைவிட மிகக் கூடுதலான ஊதியத்துக்காகவே அவர் வந்தார் என்று மெய்ப்பிக்க வேண்டும். போரிடும் தரப்பின் படையில் அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையின்படி ஹோரின் ஐந்தாம் கமாண்டோ தப்பிவிடும், அது காங்கோ தேசியப் படையின் ஒரு பிரிவாகவே பதிவாகியிருந்தது. கொமோரோவின் அதிபர் காவல்படையும் தப்பிவிடும். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அதே ஆண்டு லிப்ரவில்லில் ஓர் உடன்படிக்கை செய்தது. ஐ.நா.வின் உடன்படிக்கை 1989இல் எழுதப்பட்டு 2001இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆள்களையும் விமானங்களையும் அனுப்பிய பெரிய நாடுகளில் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் அதில் சேரவே இல்லை.

ஹோர் ஒருமுறை சிறைக்குப் போனார். அது இந்திய விமானம் ஒன்றால் நடந்தது. 1981 நவம்பர் 25 அன்று, வயது அறுபதைத் தாண்டிய அவர், நாற்பதுக்கும் மேற்பட்டவர்களோடு சீஷெல்ஸ் தீவின் விமான நிலையத்தில் வந்திறங்கினார். விடுமுறைக்கு வந்த ரக்பி ஆட்டக்காரர்கள், பீர் குடிக்கும் நண்பர் சங்கத்தார் என்று வேடம். பைகளில் ஏழைக் குழந்தைகளுக்கென்று பொம்மைகள், பொம்மைகளுக்கு அடியில் ரகசியத் தட்டில் ஏகே-47 துப்பாக்கிகள். சுங்க அலுவலர் ஒருவர் ஒரு பையைத் தடவிப் பார்த்தபோது துப்பாக்கி தட்டுப்பட்டது. நிலையத்திலேயே சண்டை மூண்டது. அந்த நேரத்தில் ஜிம்பாப்வேயின் சாலிஸ்பரியிலிருந்து (இன்றைய ஹராரே) பம்பாய்க்குப் போகும் ஏர் இந்தியா போயிங் 707, அறுபதுக்கும் மேற்பட்ட பயணிகளோடு, அங்கே தரையிறங்கியது. கூலிப்படையினர் அதில் ஏறிக்கொண்டார்கள், செத்த தோழர் ஒருவரின் உடலையும் ஏற்றினார்கள், விமானத்தை டர்பனுக்குத் திருப்பினார்கள். தென்னாப்பிரிக்க அரசு முதலில் அவர்களில் பெரும்பாலோரை வழக்கே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. பிற நாடுகள் கொதித்தெழுந்த பிறகுதான் அனைவரையும் கூண்டில் நிறுத்தியது. தமக்கு ஆயுதம் கொடுத்தது அந்த அரசின் ஆள்கள்தான் என்று ஹோர் நீதிமன்றத்தில் சொன்னார். நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் அமைந்த உண்மை ஆணையமும் அரசின் பங்கை உறுதி செய்தது. 1982இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது, 1985இல் வெளியே வந்தார், 2020இல் நூறு வயதில் டர்பனில் இறந்தார். தீர்ப்பில் எழுதப்பட்ட குற்றம் விமானக் கடத்தல். சீஷெல்ஸ் அரசைக் கவிழ்க்கப் போனதோ, ஸ்டான்லிவில் சாலையில் நடந்தவையோ அந்தக் குற்றப்பத்திரிகையில் இல்லை.